பழந்துப்பாக்கியின் முத்திரைகள்

(கோவில்பட்டியில் நம் சங்கத்தார் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கரிசற் பூமியின் பழங்குடிகளில் வாள், வேல், துப்பாக்கி முதலியன முன்னோர் பொருளாகப் போற்றப்படுதல் உண்டு. துருவேறிய ரிவால்வர் ஒன்று கிடைப்பின், அதனைக் கட்டபொம்மனார் காலத்ததென்று உரைப்பாரும் உளர். அவ்வுரை பொருந்துமோ என்பதை அப்பொருளின் மீதுள்ள முத்திரைகளே கூறும். அவற்றைப் படிக்கும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

கட்டபொம்மனார் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ஆம் நாள். ஊமைத்துரை காத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது 1801 மே 24-ஆம் நாள். அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் தமது ரிவால்வருக்கு உரிமைப் பட்டயம் பெற்றதோ 1835, 1836-ஆம் ஆண்டுகளிலேயாம். ஆகவே அத்தகைய ரிவால்வர் அப்போரில் இருந்திருத்தல் இயலாது. அன்று கும்பினிப் படையினர் ஏந்தியவை, வெடிதோறும் மருந்து கெட்டித்துச் சக்கிமுக்கிக் கல்லால் தீமூட்டும் நீண்ட துப்பாக்கிகள். அவற்றின் பக்கத் தகட்டில் இதய வடிவான கும்பினி முத்திரை காணப்படும். சுமார் 1808-க்குப் பின் அவ்விடத்தைச் சிங்க முத்திரை பெற்றது.

இனி, ஆங்கிலப் படையில் வழங்கிய வெப்லி ரிவால்வரை நோக்குவோம். அதன்மேல் 'மார்க் 6' என்றிருப்பின், அது 1915-இல் ஏற்கப்பட்ட வகை. அம்புக்குறி, அது சர்க்கார் உடைமை என்பதைக் காட்டும். அதன்கீழ் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்திருப்பின் இந்திய சர்க்காருடையது. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி பொருந்தி நிற்பின், படையினின்று கழித்து விற்கப்பட்டதென அறிக. அக்குறி இல்லையாயின், அது எவ்வழியே வீடு வந்தது என்று வினவுதல் தகும். உருளையிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒவ்வாவிடின், உறுப்பு மாற்றப்பட்டிருத்தல் கூடும்.

நமக்கு அணித்தான மணியாச்சியில் 1911 ஜூன் 17-ஆம் நாள் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதையும் நினைமின். அதனைப் பலர் ரிவால்வர் என்பர். அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அதற்குச் சுழலும் உருளை இல்லை. அயல்நாட்டுத் தொழிற்சாலையின் பெயர் பொறித்த ஆயுதம் ஒரு சிற்றூர் ரயில் நிலையம் வரை வந்ததென்பதே, அக்காலத் தேசபக்தர்களின் தொடர்பு கடல் கடந்து நின்றதற்குச் சான்றாகும்.

குலவரலாறு எழுதப் புகும் நம் இளைஞர், முத்திரைக்கு மாறான கதையை ஏற்றாதிருப்பாராக. ஒரு பொய் வெளிப்படின், உடனெழுதிய மெய்களையும் பிறர் நம்பார். 1917-ஆம் ஆண்டுப் பொருள் 1917-இன் வரலாற்றையே சொல்லட்டும். அதனால் முன்னோர் பெருமைக்குக் குறைவில்லை.

துருவைப் போக்கும் எண்ணத்தால் அரம் கொண்டு தேய்த்தல் ஆகாது. எழுத்தையும் எண்ணையும் அழித்தல் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுமாம். சுடத்தக்க துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருத்தலும் அவ்வாறே. அத்தகையது வீட்டில் இருப்பின், அதனை மறைத்து வையாது அதிகாரிகளுக்கு அறிவித்து, சட்டத்துக்கு இயைந்த வழியில் காட்சிச்சாலைக்கு அளிக்க முயலுமாறு வேண்டி, இவ்வளவில் அமைகின்றோம்.