ஒத்த நெஞ்சினர் நூல்கள்
(திண்டிவனத்தில் நிகழ்ந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் விழுப்புரத்தில் யாம் பேசி முடித்தபின், எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர், “ஐயா! பாமாவின் ‘கருக்கு’ படித்தேன். அதனை ஒத்த நூல் வேறு யாது?” என்று வினவினார். அருகிருந்த பெரியவர் ஒருவர், “பண்டிதரே! நம்மவர் நம் பெருமையை எழுதிய நூல்களையே சொல்லுங்கள், சங்க நூலகத்திற்கு அவையே போதும்” என்றார். அன்று யாம் வாளாவிருந்தோம். அவ்விடையை ஈண்டுக் கூறுவோம்.

1992-இல் வெளிவந்த ‘கருக்கை’ ஒத்த நூலைத் தேடுவோர், முதலில் ஆசிரியரின் பிறப்பையே நோக்குவர். அதுவும் பயனுடையதே. யாழ்ப்பாணத்துக் கே. டானியல் 1972-இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ அவ்வழியில் கிடைக்கும். கடல் கடந்தும் தீண்டாமை ஒன்றே எனக் காண்போம். ஆயின் அவ்வளவில் நின்றால், நம்மை நோகச் செய்தாரையே அறிவோம். நம்மால் நொந்தாரை அறியோம்.

நம் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவினரான இமையம், 1994-இல் ‘கோவேறு கழுதைகள்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதன் தலைவி ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தி. அவள் துணி வெளுப்பது மேற்சாதியார்க்கன்று; தீண்டத்தகாதார் எனப்பட்டார்க்கே. அவர்தம் பிள்ளைப்பேற்றிற்கும் சாவிற்கும் அவள் வேண்டும்; களத்தில் அவளுக்கு அளக்கும் தானியமோ குறைந்துகொண்டே வருகின்றது. நம் குறையை ஊரறியச் செய்தாரென்று தலித் அறிஞருள்ளும் சிலர் அந்நூலைக் கடிந்தனர்.

எம் இளமையில் எம் தெருவிற்கும் அத்தகையாள் ஒருத்தி மாலைதோறும் சோறு வாங்க வருவாள். எம் அன்னையினும் மூத்தவளை யாம் பெயர் சொல்லி, ‘வாடி, போடி’ என்றே விளித்தோம். அந்நூலைப் படிக்குமளவும் அது பிழையென எமக்குத் தோன்றியதில்லை. பிள்ளைகட்குத் திருக்குறள் கற்பிக்கும் எமக்கு!

இதற்கு இனமான நூல் அமெரிக்காவில் உண்டு. பின்னாளில், 1993-இல், நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன் என்னும் கறுப்பின அம்மையார் 1970-இல் வெளியிட்ட முதல் நாவல் அது. நீலவிழி வேண்டுமென ஏங்கும் கறுப்புச் சிறுமியின் கதை. அவளை வெள்ளையர் மட்டுமோ இகழ்ந்தனர்? தன்னை அவளினும் மேலாகக் கருதும் கறுப்பின மாதொருத்தியே அவளை வைது வீட்டினின்று துரத்துகின்றாள். அம்மாதின் வாசலில் எம் தெருவையே கண்டோம். மாணவருக்கு யாம் கூறும் விடை இவ்விரு நூல்களே.

விழுப்புரத்துப் பெரியவரும் இன்று இவ்வவைக்கு வந்துள்ளார். ‘கோவேறு கழுதைகள்’ இரண்டு படி கொணர்ந்துள்ளோம். ஒன்று சங்க நூலகத்திற்கு. மற்றொன்று, ஐயா, தங்கட்கு.