நம் லயத்துக் காற்றை நாமே கவனிப்போம்



டித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில், விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பயம் மலையைப் பற்றித்தான். நான் பேச வந்தது காற்றைப் பற்றி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்தக் கிழமைகள் கஷ்டமானவை. உள்ளே வந்த சேறு காய்ந்து தூசியாகப் பறக்கிறது. நனைந்த சுவரில் பூஞ்சணம். விறகும் ஈரம், ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். போதாததற்குப் பழுதான மெத்தையையும் பிளாஸ்டிக்கையும் குவித்துக் கொளுத்துகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கை தருகிற அதே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்தான் காற்றின் தரத்தையும் அளந்து சொல்கிறது. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மோசமாகி நாடு முழுவதும் அரசாங்கப் பாடசாலைகளை மூடினார்களே, நினைவிருக்கிறதா? அந்த அறிவிப்புகளைக் கேளுங்கள். ஆனால் கண்டி நகரத்துக் கருவிக்கு ஹேவாஹெட்டவில் உங்கள் குசினிப் புகை தெரியாது.

கருவி இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள், 2004இல், எந்த நேரம் என்ன நாற்றம் அடித்தது என்று தாங்களே குறித்து வைத்தார்கள். பிறகு வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய இரசாயனங்களும் அதில் இருந்தது தெரியவந்தது. அங்கே ஆலை, இங்கே அடுப்பு. குறித்து வைக்கிற வேலை ஒன்றுதான்.

லயத்துக்கு ஒரு கொப்பி போதும். யாருக்கு இழுப்பு வந்தது, எத்தனை மணிக்கு, பம்ப் எத்தனை தடவை அடித்தார், அப்போது பக்கத்தில் என்ன எரிந்தது, காற்று எந்தப் பக்கம். கொளுத்தியவர் பெயரை எழுத வேண்டாம். அது சண்டைக் கொப்பியாகிவிடும். சில கிழமை எழுதினால் எந்த நேரத்துப் புகை யாரைப் பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அதைக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பம்பும் கிளினிக் கொப்பியும் மண்ணோடு போயிருந்தால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்குங்கள். தினமும் எடுக்கச் சொன்ன பம்பை, இழுப்பு இல்லையே என்று நிறுத்தாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

கொப்பிகள் இந்த மேசையில் இருக்கின்றன. போகும்போது லயத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.