மகளுக்கு அரசில்லை

ஐரோப்பாவில் 1837ஆம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. பதினெட்டு வயது விக்டோரியா பிரிட்டனுக்கு அரசியானார். ஆனால் அதுவரை பிரிட்டிஷ் மன்னரே ஆண்டுவந்த ஜெர்மானிய நாடான ஹானோவர் அவருக்குக் கிடைக்கவில்லை. குலத்தில் ஆண் வாரிசு இருக்கும்போது பெண்ணுக்குப் பட்டமில்லை என்பது அந்நாட்டு வழக்கம். அங்கே அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸ் முடிசூடினார். ஒரே பெண் கடலுக்கு இந்தப் பக்கம் அரசி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அரசகுலப் பெண்ணின் உரிமை அவள் பிறப்பை மட்டும் பொறுத்ததல்ல, எந்தச் சட்டத்தை யார் எடுத்துப் படிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இதை நம் தஞ்சாவூர் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்த 1799 உடன்படிக்கைக்குப் பிறகு அந்த வம்சத்தின் கையில் மிஞ்சியிருந்தது கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். மகள் இருந்தாள், அவளை வாரிசாக ஏற்கலாம் என்று தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஃபோர்ப்ஸே பரிந்துரைத்தார். இந்து அரசரின் மகளுக்கு அரசுரிமை கிடையாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி மறுத்துவிட்டது. லண்டன் அரியணையில் அப்போது வீற்றிருந்தவர் யார் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

கம்பெனி உள்ளூர் வழக்கத்தைத்தானே மதித்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தஞ்சையில், அதே மராட்டிய வம்சத்தில், 1730களின் இறுதியில் சுஜான் பாய் என்ற அரசி ஆண்டிருக்கிறார். மதுரையில் மங்கம்மாள் பேரனுக்காகப் பல ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். இவர்கள் விதவை அரசிகள், பட்டத்து மகள்கள் அல்லவே என்றால், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதவைக்கு முன்மாதிரி உண்டென்றால், சிவாஜியின் மூத்த அரசி காமாட்சி பாய்க்கு அது ஏன் உதவவில்லை? போபாலில் 1844இல் ஷாஜகான் பேகம் என்னும் சிறுமியை ஆட்சியாளராக ஏற்றதும் இதே கம்பெனிதான். அது முஸ்லிம் அரசு, அங்கே வேறு சட்டம் என்பார்கள். இருக்கட்டும். வழக்கம் ஐயத்துக்கு இடமாக இருந்த ஓர் ஊரில் தீர்ப்புச் சொன்னவருக்கே சொத்து போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் ஐயத்துக்குக் காரணம். உதவித்தொகையும் மிச்சம், கோட்டையும் சொந்தம்!

1856இல் அரண்மனையின் தனிச் சொத்தையும் கம்பெனி கைப்பற்றியது. காமாட்சி பாய் அழுதுகொண்டு அந்தப்புரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில், அதாவது இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு முந்தைய மன்றத்தில், கம்பெனிமீதே வழக்குத் தொடுத்தார். வென்றார். மேல்முறையீட்டில், 1859இல், லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது. கைப்பற்றியது சரியென்று அது சொல்லவில்லை; அரசு தன் இறையாண்மையால் செய்த செயலை, அது நியாயமோ அநியாயமோ, நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. இந்தியச் சட்ட மாணவர்கள் அரசின் பொறுப்பு பற்றிப் படிக்கும்போது இன்றும் இந்த வழக்கைக் கடந்துதான் போகிறார்கள். தொடுத்தவர் ஓர் அரசி என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது.

1862இல் தனிச் சொத்தை அரசு விதவைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது, உரிமையாக அல்ல, கருணையாக. அத்தோடும் முடியவில்லை. அரசிகளுக்குள்ளேயே வழக்கு எழுந்தது. சக்களத்திகள் அனைவருக்கும் அதில் கூட்டுரிமை உண்டு, நிர்வாகம் மட்டும் மூத்தவருக்கு என்று 1868இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. நாடு கேட்டபோது கிடைக்காத வாரிசுரிமை, நகையையும் பாத்திரத்தையும் பங்கிடும்போது கிடைத்தது.