வீட்டுச் சிக்கனமும் ஊர்ச் சுத்தமும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை, மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



சமயச் சொற்பொழிவு கேட்க வந்தவர்களிடம் நான் குப்பையைப் பற்றிப் பேசப் போகிறேன். செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "வாத்தியாரே, சாமி காரியத்தில் இதெல்லாமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் போன ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது, அன்னதானத்துக்கென்று நீங்கள் மனமுவந்து கொடுத்த பணத்தில் ஒரு பகுதி பாலிஸ்டிரின் பெட்டிக்கும், பிளாஸ்டிக் கரண்டிக்கும், பிறகு அவற்றை ஏற்றிக்கொண்டு போன லாரி வாடகைக்கும் போயிருந்தது. சோற்றுக்குக் கொடுத்த பணம் குப்பைக்குப் போனால் அது சாமி காரியமா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சிக்கனம் நமக்குப் புதிதன்று. உங்களில் பாதிப் பேர் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள். பால் எடுத்து முடித்த பிறகு கோப்பையில் தங்கிவிடும் கட்டிப்பால், வெட்டுக் கோட்டில் காய்ந்து நூலாகத் தொங்கும் ஒட்டுப்பால் இவற்றை மறுநாள் வெட்டும்போது உரித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஸ்டோரில் அதற்குத் தனி நிறுவை, தனி விலை. மரத்தில் ஒட்டியதைக்கூட விடாமல் காசாக்கிய கூட்டம் நாம். லயத்து வீட்டில் பாத்திரம் துலக்கச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். கடைக்குப் போனால் துணிப்பை, சாமானைச் சுற்றப் பழைய பத்திரிகை, வேலைக்குப் போனால் தூக்குச்சட்டி. இதையெல்லாம் நாம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு செய்யவில்லை; கையில் காசு இல்லை, அதனால் செய்தோம். வறுமையை நான் புகழவில்லை. அந்த வறுமை திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டோம்.

ஆனால் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு என்ன நடந்தது? தோட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. வெண்டை, கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் அங்கேயே கிடைத்தன. இன்று கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்கிறோம். அன்று பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், மின்சாரத்தைப் பற்றி நாம் யோசிக்கவே தேவையில்லை. இன்று வீட்டு வாடகை, தண்ணீர், மின்சாரம் என்று மாதக் கடைசியில் வரிசையாகப் பில் வருகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போன குடும்பங்களில், பிள்ளையின் டியூஷன் பணமும் மின்சாரப் பில்லும் ஒரே சம்பளத்துக்குப் போட்டி போடுவதை நான் ஆசிரியராக இருந்தபோது நேரிலேயே பார்த்திருக்கிறேன். டியூஷன்தான் எப்போதும் தோற்கும்.

மின்சாரத்தில் எது அதிகம் தின்கிறது என்று கேட்டால் எல்லாரும் விளக்கைக் காட்டுகிறார்கள். குளியலறைக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சுடுநீர்ப் பெட்டி பெரும்பாலும் 3600 வாட். பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளைக்கு 3 யூனிட், மாதத்துக்கு 90 யூனிட். ஐந்து நிமிடமாகக் குறைத்தால் 45 யூனிட் மிச்சம். 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்று தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 9 யூனிட்தான். பகல் முழுவதும் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் ரைஸ் குக்கரையும் மறக்காதீர்கள். சமைத்து முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடலாம், சோறு ஓடிப் போகாது. 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில், வீடுகளில் குறைவாகப் பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்குக் கூடுதல் கழிவு கிடைக்கிறது. மாதம் 1000 யூனிட்டைத் தாண்டினால் அந்தக் கழிவே இல்லை. ஆகவே மிச்சப்படுத்துகிறவருக்கு இரண்டு பக்கத்திலும் லாபம். பில்லை மடித்து வைப்பதற்கு முன் ஒரு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1991-இல் மலாக்காவில் டுரியான் துங்கால் அணை வற்றி மக்கள் வாளியோடு நின்றதைத் தம்பின் பக்கத்து உறவினர்கள் உங்களுக்கு நன்றாகச் சொல்வார்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

அடுத்தது சமையல் எண்ணெய். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் கொட்டினால் அது குழாயில் போய்க் கட்டியாக உறைந்து, பிறகு அடைப்பு எடுக்க ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சாக்கடை வழியாகப் போவது எங்கே? நம் பக்கத்து ஓடைகள் பலவும் லிங்கி ஆற்றில்தான் சேர்கின்றன. அந்த ஆற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுப் போர்ட்டிக்சன் பக்கத்துக் குழாய்களுக்கு வருகிறது. பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அதிலிருந்து வாகனத்துக்கு எரிபொருள் செய்கிறார்கள். அந்தக் காலத்து ஒட்டுப்பால் போலத்தான் இதுவும்.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். 2016 ஜூன் முதல் அபராதமும் நடைமுறைக்கு வந்தது. தரைவீட்டுக்காரர்களுக்கு முதல் முறை 50 வெள்ளி, இரண்டாவது 100, மூன்றாவது 500 என்று அறிவித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஈரக் குப்பை, ஒரு நாள் தாள், பிளாஸ்டிக், டின், கண்ணாடி. பிரித்து வைத்தால் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் வேன்காரரிடமே அலுமினிய டின்னையும் பழைய தாளையும் விற்றுவிடலாம். தோசைக்கல்லில் ஊற்றுகிற எண்ணெய்க்காவது அந்தக் காசு ஆகும்.

இன்னும் தோட்டத்துக்குள் வசிப்பவர்களின் சங்கடம் வேறு. நம் தோட்டத்துக்குள் நகராண்மைக் கழக லாரி வருவதில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் குவித்து எரிக்கிறோம். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரகாலம் அறிவித்தார்களே, அந்தப் புகை எங்கோ சுமத்ராவிலிருந்து வந்தது என்று குறை சொல்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு வருவது பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் புகையால். இதில் தோட்டத்துக்காரர்களே நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். முன்பு மறுநடவு என்றால் கிழட்டு மரங்களை வெட்டித் தீ வைப்பார்கள். பிறகு கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காமல், மரத்தைத் துண்டாக்கி நிலத்திலேயே மக்க விடும் முறையைக் கொண்டுவந்தது. அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருதும் கிடைத்தது. செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த வெறும் குலை காட்டுக்கே திரும்பி வந்து உரமாகிறது. எலிக்கு விஷம் வைப்பதைக் குறைக்கக் கூகைக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். ஏக்கர் கணக்கான மரத்தையே எரிக்காமல் சமாளிக்கிறார்கள். நம் வீட்டு வாழைச்சருகை ஒரு குழியில் போட்டு மண்ணைத் தூவினால் சில மாதங்களில் உரம். மீனும் இறைச்சியும் மட்டும் அதில் போடாதீர்கள், நாய் தோண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் கட்டி வைத்து, பட்டணத்துக்குப் போகும்போது மறுசுழற்சித் தொட்டியில் போடுங்கள். இதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு தொட்டி கேட்டு எழுத வேண்டியதும் நம் கடமை.

ஹோமம் வளர்ப்பது குற்றமா என்று ஓர் அம்மா கேட்டார்கள். இல்லை. வெளியில் எரிப்பதைத் தடுக்கும் சட்டத்தில், வழிபாட்டுச் சடங்குக்காக எரிப்பதற்கு 2003-ஆம் ஆண்டு உத்தரவு விலக்கு அளிக்கிறது. பூஜை முடிந்து மிஞ்சிய கற்பூர டப்பாவையும் ஊதுபத்தி உறையையும் எரிக்க அது அனுமதி ஆகாது.

கடைசியாக ஆலயத்துக்கு வருகிறேன். சாமிக்குப் போட்ட மாலையைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூ மண்ணுக்குப் போகும், அதில் கட்டிய நைலான் கயிறும் ஜரிகையும் போகாது. வாழைநாரில் கட்டிய மாலையைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய் விஷயத்தில் சிலர் என்மேல் வருத்தப்படலாம். தைப்பூசத்தில் மலைபோல் தேங்காய் உடைப்பதைக் குறைக்கச் சொல்லிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. நேர்ந்துகொண்டவர் ஒரு காயை உடைக்கட்டும். மீதி 50 காயை மடைப்பள்ளியில் கொடுத்தால் அன்னதானத்தில் சட்னியாகவும் குழம்பாகவும் எல்லார் இலையிலும் சேரும். நேர்த்தியின் பலன் எதில் குறையும் என்று எனக்குத் தெரியவில்லை. சமயம் கற்ற பெரியோர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு பாலிஸ்டிரின் பெட்டிக்கு உபயம் ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்தப் பணத்தில் எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுங்கள். பெயர் பொறித்துக் கொடுக்க விரும்பினால் அடியில் பொறியுங்கள். தட்டுக் கழுவ ஆள் வேண்டும் என்பது உண்மை; இளைஞர் பகுதியில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் சிலர் வந்தால் முறை வைத்துச் செய்யலாம். வாழையிலை கிடைக்கும் நாளில் இலையே போடுவோம். சாப்பாடு எடுத்துச் செல்ல விரும்பும் தாய்மார்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டு வாருங்கள்.

பழைய எண்ணெய்க்கு மடைப்பள்ளியின் பின்புறம் நீல நிற டிரம் ஒன்று வைத்திருக்கிறோம். எண்ணெய் ஆறிய பிறகு, மசாலாத் துகளை வடிகட்டி, போத்தலில் கொண்டு வந்து ஊற்றுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள். அதில் வரும் காசு பாலர் தேவார வகுப்புக்குப் புத்தகம் வாங்கப் பயன்படும். கணக்கு ஒவ்வொரு மாதமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.