பெல்ட்டுக்கு வேலி, பெண்ணுக்குப் புத்திமதி

(தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணியிடத்தில் நடக்கும் வன்முறையைத் தடுப்பதில் முதலாளிக்கு என்ன கடமை என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "முதலாளிக்கு ஏதுங்க கடமை, லாபம்தானே அவன் கடமை" என்று ஒரு தோழர் உள்ளே வரும்போதே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நாம் எழுந்து போனால், போராடி எழுத வைத்த நாலு வரிச் சட்டத்தையும் அவனுக்கே விட்டுக்கொடுத்ததாகிவிடும். அதனால் அந்த நாலு வரியை இன்றைக்குப் பிரித்துப் பார்ப்போம். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டையில் யார் விழுகிறார்கள் என்றும் பார்ப்போம்.

ஒரு மில்லுக்குள் போய்ப் பாருங்கள். சுற்றுகிற பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் வேலி போட்டிருக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. "பாப்பா, முடிய இழுத்துக் கட்டு, ஜாக்கிரதையா நில்லு" என்று சொன்னதோடு முதலாளியின் பொறுப்பு தீரவில்லை. இயந்திரம் ஆபத்தானது, அதை ஓட்டி லாபம் பார்ப்பவன் நீ, எனவே வேலி போட வேண்டியவனும் நீதான் என்றது சட்டம். எத்தனையோ தொழிலாளிகளின் கையும் விரலும் போன பிறகு உலகத் தொழிலாளி வர்க்கம் வாங்கிய நியாயம் இது.

அதே மில்லில், அதே பெல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு சூப்பர்வைசர் ஒரு பெண்ணின் தோளில் கை வைக்கிறான். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறான். டார்கெட் முடியவில்லை என்று துணியை முகத்தில் வீசுகிறான். இதற்கு மட்டும் வேலி இல்லை. இங்கே பெண்ணுக்குத்தான் புத்திமதி. "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் வர்றான்?" வார்டனும் இதைத்தான் சொல்கிறாள், பெர்சனல் ஆபீசரும் இதைத்தான் சொல்கிறார், வீட்டிலேயும் இதைத்தான் சொல்கிறார்கள். பெல்ட்டை ஆபத்து என்று ஒப்புக்கொண்டவர்கள் ஒரு சூப்பர்வைசர் கையில் குவித்து வைத்திருக்கிற அதிகாரத்தை ஆபத்து என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். நம்முடைய சண்டை இந்த இடத்தில்தான்.

முதலாளி ஏன் பொறுப்பு என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் 1928இலேயே அடித்தளம் போட்டிருக்கிறார். பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதம். பிரசவ காலச் செலவை முதலாளி ஏன் சுமக்க வேண்டும் என்று எதிர்ப்பு. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்பதுதான் சரி, ஆனாலும் முதலாளி தப்பிக்க முடியாது என்றார் அம்பேத்கர். காரணத்தையும் சொன்னார். ஆணை வைத்து வேலை வாங்குவதைவிடப் பெண்ணை வைத்து வேலை வாங்குவதில் தனக்கு ஆதாயம் அதிகம் என்பதால்தான் முதலாளி பெண்ணை வேலைக்கு வைக்கிறான், ஆதாயம் அவனுக்கு என்றால் பொறுப்பிலும் அவனுக்குப் பங்கு உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை நம்மூருக்குக் கொண்டுவாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் சேரிப் பெண்களை ஏன் தேடித் தேடிப் பிடித்தன? மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, கடைசியில் ஒரு மொத்தத் தொகை, அதுவும் கல்யாணச் செலவுக்கு என்று ஏஜெண்ட் வந்து பேசினானே, எந்தக் கணக்கில்? சின்ன வயசு, எதிர்த்துப் பேசாது, சங்கத்துக்குப் போகாது, கேட்க நாதியில்லாத சாதி. இதெல்லாம் கூலியைக் குறைக்கிற காரணங்கள். இதே காரணங்கள்தான் சூப்பர்வைசருக்கும் தைரியம் கொடுக்கின்றன. கேட்க ஆளில்லாதவளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவன், "அவன் கை வச்சதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியாது.

இனி சட்டம். பணியிடப் பாலியல் தொந்தரவு பற்றி இந்தியாவில் இருக்கிற சட்டம் ஒரு கிராமத்துப் பெண்ணின் உடம்பிலிருந்து வந்தது. ராஜஸ்தானில் பட்டேரி கிராமம். பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்கிற அடிமட்ட ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவர் வேலையில் ஒன்று. 1992இல் ஒரு குஜ்ஜர் குடும்பத்தில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், திருமணம் எப்படியோ நடந்து முடிந்தது. ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி வயலில் கணவர் கண்ணெதிரே கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானார்.

பன்வாரியைச் சில பேர் தலித் என்றே எழுதிவிடுகிறார்கள். அவர் குயவர் சாதி. அந்த ஊர்க்காரனுக்கு அவர் கீழ்சாதி, அவ்வளவு போதுமானதாக இருந்தது. 1995இல் ஜெய்ப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஐந்து பேரையும் விடுவித்தது. மேல்சாதி ஆண்கள், அதில் ஒருவர் பிராமணர் வேறு, கீழ்சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதைக் கேட்டதும் வெண்மணி ஞாபகம் வராதவர்கள் இங்கே இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25. கூலி கேட்ட குற்றத்துக்கு 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். வெண்மணியை நாம் சாதிப் படுகொலை என்கிறோம், இடதுசாரித் தோழர்கள் வர்க்கப் படுகொலை என்கிறார்கள், இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அது பணியிட வன்முறை. எதிரே நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கம், அதாவது முதலாளிகளின் சங்கம். அந்த வழக்கிலும் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இவ்வளவு நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அங்கே தீண்ட மாட்டான், இங்கே நடக்க மாட்டான். குற்றவாளி யார் என்று தேடுவதற்கு முன்பே அவன் அந்தஸ்து சாட்சி சொல்லிவிடுகிறது.

பன்வாரி வழக்கிலிருந்து பெண்கள் இயக்கம் ஒரு கேள்வியை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. வேலைக்கு அனுப்பிய அரசு, அந்த வேலையால் அவருக்கு வரக்கூடிய ஆபத்தைத் தெரிந்துகொண்டே தனியாக விட்டதே, அதற்கு யார் பொறுப்பு? 1997 ஆகஸ்ட் 13இல் விசாகா தீர்ப்பு வந்தது. தடுக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை என்று முதன்முதலாக எழுதப்பட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் பன்வாரிக்கு அதனால் நீதி கிடைத்துவிடவில்லை, அவர் வழக்கின் மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. இன்னொன்றும் நடந்தது. பன்வாரியின் உடம்பை வைத்து எழுதிய அந்த வழிகாட்டுதல்களில் சாதி என்கிற சொல்லுக்கு இடமில்லாமல் போனது. கிராமத்தில் கிளம்பிய வழக்கு, ஆபீஸ் சட்டமாக டெல்லியிலிருந்து திரும்பி வந்தது.

அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 2013இல்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதன் 19ஆவது பிரிவை மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். பாதுகாப்பான பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை. வெளியிலிருந்து வந்து போகிறவர்களால் ஏற்படும் ஆபத்திலிருந்து காப்பதும் அதில் அடக்கம். புகார்க் குழு யார் யார் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். தொழிலாளிகளுக்குப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பெண் போலீசுக்குப் போக விரும்பினால் உதவ வேண்டும். பணியிடம் என்றால் நாலு சுவர் மட்டுமல்ல, வேலை நிமித்தம் போகிற இடமும், கம்பெனி விடுகிற வண்டியும் பணியிடம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் இரட்டிப்பு, லைசென்சே ரத்தாகலாம்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவில் உட்காருகிறவர்களை நியமிப்பது யார்? முதலாளி. தலைமைக்கு மூத்த பதவியில் இருக்கிற ஒரு பெண் வேண்டும். நம் மில்களில் மூத்த பதவியில் இருக்கிற பெண் எந்தச் சாதியாக இருப்பார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். மாவட்ட அளவில் அமைக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு, வெளியிலிருந்து நியமிக்கும் உறுப்பினர்களில் ஒருவராவது தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. நாலு பிரிவுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி. கம்பெனிக்குள் இருக்கிற குழுவுக்கு அந்த ஒரு நாற்காலியும் கிடையாது.

சரி, சாதிக்கு நமக்குத்தான் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சட்டம் குற்றம் நடந்த பிறகு குற்றவாளியைத் தண்டிக்க வருகிறது. நடப்பதற்கு முன் தடுத்தாயா என்று மில் முதலாளியைக் கேட்பதில்லை. அதோடு, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது பொதுமக்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளி ஆள் யாரும் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சூப்பர்வைசர் கேபினுக்குக் கதவு எதற்கு இருக்கிறது? ஆக, தடுக்கச் சொல்கிற சட்டத்தின் கண்ணுக்குச் சாதி தெரியவில்லை. சாதியைப் பார்க்கிற சட்டம் தடுப்பை முதலாளியிடம் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுகிறவள் தலித் பெண்தொழிலாளி.

விழுந்தாள். 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் சடலமாகக் கிடந்தாள். அவளுடைய சூப்பர்வைசர் மேல் கொலை வழக்கு. அந்தச் சாவுக்குப் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்கிற சங்கம், தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற சங்கம், ஓராண்டுக்கு மேல் போராடியது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் கைகொடுத்தன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. துணி வாங்குகிற எச்&எம் கம்பெனியும் கட்டுப்பட்டது, பின்னால் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர்.

இதில் மூன்று சங்கதிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பாலினம் மட்டுமல்ல, சாதியும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதும் பாகுபாட்டுக்குக் காரணம் என்று அதில் எழுதப்பட்டது. சட்டம் எழுதாததைச் சங்கம் எழுத வைத்தது. அடுத்து, தையல் லைனிலேயே வேலை செய்கிற தொழிலாளிகளைச் சங்கம் பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்களாக நிறுத்தியது. சூப்பர்வைசர் கத்துகிற அந்த நிமிஷமே பக்கத்து மெஷினிலிருந்து ஒருத்தி எழுந்து "என்னண்ணே இது" என்று கேட்கலாம். அவளைப் பழிவாங்க முடியாது. நான் சொன்ன வேலி இதுதான், கம்பியால் செய்தது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியாக, ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கை வைக்க வேண்டும் என்று வாங்குகிற கம்பெனியையும் கட்டிப்போட்டது. 50,000 ரூபாய் அபராதத்துக்கு அசையாதவன் ஆர்டர் போகும் என்றால் அசைவான்.

இதை வைத்து எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு நிறுவனத்தின் சில ஆலைகள், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தம். அதுவும் வெளிநாட்டில் துணி விற்கிற இடம் என்பதால் முடிந்தது. செங்கல் சூளைக்கு எந்த எச்&எம் வரும்? கரும்பு வெட்டப் போகிறவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? 2019இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 190ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வன்முறையையும் விஷவாயு, சத்தம் போல ஒரு பணியிட ஆபத்தாகவே கணக்கிட வேண்டும், அந்தக் கணக்கைத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்கிறது அது. இந்தியா அதற்கு ஒப்புதல் தரவில்லை. மாறாக, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம், பெண்ணின் சம்மதத்தோடு இரவு ஷிப்ட் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பாதுகாப்பு நிபந்தனைகளும் உண்டு என்கிறார்கள். கடனில் விடுதியில் கிடக்கிறவள் எந்த வாயால் சம்மதமில்லை என்பாள்?

இந்தச் சூழலில் நம்மால் உடனே செய்ய முடிந்த ஒரு வேலை இருக்கிறது. சட்டம் வந்து பதினொரு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், உச்சநீதிமன்றம் மாநில அரசுகளுக்குக் கெடு வைத்தது. மாவட்ட அதிகாரிகளை அந்த மாதக் கடைசிக்குள் நியமியுங்கள், உள்ளூர்ப் புகார்க் குழுக்களை 2025 ஜனவரி 31க்குள் அமையுங்கள் என்று. கெடு முடிந்தது. உங்கள் மாவட்டத்தில் குழு இருக்கிறதா? உறுப்பினர்கள் யார்? அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? எத்தனை மில்கள் ஆண்டறிக்கை கொடுத்திருக்கின்றன, எத்தனை புகார் வந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கின்றன? ஆயிரம் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் புகார் பூஜ்யம் என்றிருந்தால், அங்கேதான் நாம் முதலில் போக வேண்டும்.

இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். மனு எழுதிப் பழக்கமில்லாத தோழர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். வெள்ளைத் தாளும் வில்லையும் கொண்டுவந்திருக்கிறேன், இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.