நிரலுக்கு ஓர் இடம், நம் கணக்குக்கு ஓர் இடம்

எங்கள் தோட்டத்துத் தாய்மார் பதினான்கு பேர் மாதந்தோறும் சிறு தொகை போட்டுச் சேமித்து வருகிறார்கள். பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போய்வந்து சேர்த்த காசு அது. கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, சிறு கணக்கு நிரல் ஒன்றைக் கணினியில் ஏற்றி, இரண்டு ஆண்டுகள் அதிலேயே எழுதி வந்தேன். ஒரு நாள் கணினி இயங்க மறுத்தது. டவுனில் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். “டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன், டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் கடைத் தம்பி வட்டைத் துடைத்து, விண்டோசைப் புதிதாக ஏற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். படங்கள் இருந்தன. பள்ளிக் கடிதங்கள் இருந்தன. சேமிப்புக் கணக்கைத்தான் காணோம்.

அந்த நிரல் கணக்கைத் தன்னுடைய அடைவுக்குள்ளேயே வைத்திருந்தது. கடைத் தம்பி அங்கே தேடவில்லை. தேடச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். பால் உறைய வைக்கும் தொட்டியும் ஷீட் அழுத்தும் இயந்திரமும் எல்லாருக்கும் பொது. அந்த இயந்திரத்தின் மேல் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை யாராவது வைப்போமா? இயந்திரத்தை மாற்றும் நாளில் அதுவும் குப்பையோடு போய்விடும் அன்றோ? கணினியிலும் அப்படித்தான். நிரல் வேறு, நிரலைக் கொண்டு நாம் செய்துகொண்டவை வேறு.

விண்டோஸ் கணினியில் நிரல்கள் தங்கும் இடத்துக்குப் புரோகிராம் ஃபைல்ஸ் என்று பெயர். அது ஸ்டோரைப் போன்றது. நிர்வாகியின் அனுமதியின்றி அங்கே எதையும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஒவ்வொருவருடைய பெயரிலும் தனித்தனி வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டிலே டாக்குமெண்ட்ஸ் என்பது முன்கூடம். நாம் எழுதிய கடிதம், கணக்கு, பிள்ளையின் கட்டுரை ஆகியவை அங்கே இருக்க வேண்டும். ஆப்டேட்டா என்பது உள்ளறை. வழக்கமாகக் கண்ணுக்குப் புலப்படாது. எழுத்தின் அளவு என்ன, எந்த மொழியில் காட்ட வேண்டும் என்பன போன்ற அமைப்புகளை நிரல் அங்கே குறித்துக்கொள்ளும். அந்த உள்ளறையிலும் ரோமிங், லோக்கல் என்று பிரிவுகள் உண்டு. பெரிய அலுவலகங்களில் ஒருவர் வேறொரு கணினியில் அமர்ந்தாலும் அவரைத் தொடர்ந்து வரக்கூடியவை ரோமிங்கில் இருக்கும். அந்தக் கணினியோடு நிற்பவை லோக்கலில் இருக்கும்.

முற்காலத்து நிரல்கள் பல இந்த ஒழுங்கைப் பார்க்கவில்லை. வீட்டுக் கணினியில் எல்லாரும் நிர்வாகியாகவே நுழைந்ததால் அது செல்லுபடியாயிற்று. 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதற்குத் தடை போட்டது. பழைய நிரல்கள் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு தந்திரமும் செய்தது. நிரல் தன் அடைவில் எழுத முயன்றால், அதை ஓசையில்லாமல் திருப்பி, அவரவர் உள்ளறையில் வர்ச்சுவல்ஸ்டோர் என்னும் இடத்தில் போட்டது. விளைவு என்ன? ஒரே கணினியில் அப்பா ஒரு பெயரிலும் மகள் ஒரு பெயரிலும் நுழைந்தால், ஒரே நிரலில் அப்பாவுக்கு ஒரு கணக்கும் மகளுக்கு வேறொரு கணக்கும் தெரிந்தன!

லினக்சில் டாட் கான்ஃபிக் என்ற அடைவு அமைப்புகளுக்கும், டாட் கேஷ் என்ற அடைவு அழிந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளக் கூடியவற்றுக்கும் என்று ஏற்பாடு. மேக் கணினியில் லைப்ரரி என்ற அடைவு இவ்வேலையைச் செய்கிறது. பெயர்தான் வேறு.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அமைப்புகளை உள்ளறையில் வையுங்கள். அதைப் பற்றிப் பயனரைக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால், அவர் உழைத்து எழுதியதை எங்கே சேமிப்பது என்று அவரையே கேளுங்கள். அதை உள்ளறையில் ஒளித்துவைப்பது சரியன்று என்பது என் எண்ணம். விரலியில் எடுத்துச் செல்லும்படி செய்த நிரல்கள் எல்லாவற்றையும் தம் அருகிலேயே வைத்துக்கொள்ளும். அது தெரிந்தே செய்வது, குறையன்று.

கணினியைக் கடைக்குக் கொடுக்குமுன், தினமும் புழங்கும் நிரலைத் திறந்து, “சேவ் அஸ்” என்பதை அழுத்திப் பாருங்கள். எந்த அடைவு தெரிகிறதோ அதை எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாத நிரலானால், ஆப்டேட்டாவையும் நிரலின் அடைவையும் சேர்த்து நகல் எடுக்கச் சொல்லுங்கள். கணினி அறவே இயங்காவிட்டாலும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகல் எடுக்கக் கூடும். துடைப்பதற்கு முன்பு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பதினான்கு வீடுகளிலும் ஏறி இறங்கினேன். பலர் பணம் கொடுத்த நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு கணக்கைத் திரும்ப எழுதினேன். ஓர் அம்மாவின் நான்கு மாதத் தொகைக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. அவர் சொன்னதையே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது அந்தக் கணக்கு டாக்குமெண்ட்ஸில் இருக்கிறது. ஒரு நகல் விரலியில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தையும் மறுபடி திறந்துவிட்டோம்.