ஆலை நின்ற பிறகும் ஓடும் மீட்டர்

தொழிற்கூடங்களிலும் வணிக வளாகங்களிலும் ஆற்றல் மேலாண்மையும் கட்டுப்பாடும்: கருத்தரங்கத் தலைமை உரை



இந்தக் கருத்தரங்கு கோவையில் கூடுவது பொருத்தமானது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரி மலையிறங்கி வந்த பிறகுதான் இந்த வட்டாரத்தில் பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. அன்று முதல் மின்சாரத்தின் விலையும் அது தடையின்றிக் கிடைப்பதும் இவ்வூரின் தொழிலைத் தீர்மானித்து வந்திருக்கின்றன. 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளை இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சட்டங்களும் திட்டங்களும் நமக்கு உண்டு. 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் ஆற்றல் திறன் பணியகம் அமைந்தது. 2012இல் தொடங்கிய 'பாட்' (PAT) என்னும் ஆற்றல் திறன் திட்டத்தின் முதல் சுற்றில் ஜவுளி உட்பட எட்டுத் துறைகளின் பெரிய நிறுவனங்களுக்கு இலக்குகள் வகுக்கப்பட்டன. இவற்றால் மீட்டர் வைக்கும் பழக்கம் பரவியது. இன்று ஒரு நடுத்தர நூற்பாலையில்கூட ஃபீடருக்கு ஃபீடர் டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, மேலாளர் அறையில் பெரிய திரை இருக்கிறது. திரையில் ஓடும் எண்களை வைத்து யார் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதே இன்று நம்முன் இருக்கும் கேள்வி.

நூற்பாலைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் அளவு யூ.கே.ஜி. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்ற கணக்கு அது. பயனுள்ள அளவுதான்; அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு ஆலை நாளொன்றுக்கு 20 டன் நூல் நூற்று 80,000 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூ.கே.ஜி. 4. அந்த 80,000இல் 16,000 யூனிட், நூல் வந்தாலும் வராவிட்டாலும் போய்க்கொண்டிருப்பது. சந்தை மந்தமாகி உற்பத்தி 15 டன்னாகக் குறைகிறது. உற்பத்தியோடு சேர்ந்த 64,000 யூனிட் 48,000 ஆகிறது. 16,000 அப்படியே நிற்கிறது. மொத்தம் 64,000 யூனிட், யூ.கே.ஜி. ஏறக்குறைய 4.27. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது. அடுத்த ஆண்டு உற்பத்தி ஏறியதும் யூ.கே.ஜி. தானாக இறங்குகிறது, ஆற்றல் மேலாண்மை வெற்றி பெற்றதாக அறிக்கை எழுதப்படுகிறது. இரண்டு முறையும் அந்த 16,000 யூனிட்டை ஒருவரும் தொடவில்லை.

நூலின் நைசைக் குறிக்கும் கவுண்ட் மாறினாலும் இதே சிக்கல்தான். நைசு நூலுக்குக் கிலோவுக்கு யூனிட் கூடுதலாகும். மே மாத வெயிலில் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் இழுப்பதும் டிசம்பரில் இழுப்பதும் ஒன்றல்ல. ஆகவே உற்பத்தி, கவுண்ட், வெளிக்காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட அடிப்படைக் கோடு ஒன்று இல்லாமல் மிச்சம் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. செலவான யூனிட்டைத்தான் மீட்டர் அளக்கும். செலவாகாத யூனிட்டை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும். இங்கே கட்டுரை படிப்பவர்கள் "இத்தனை விழுக்காடு சேமித்தோம்" என்று சொல்லும்போது, எதோடு ஒப்பிட்டு என்பதையும் சொல்ல வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

அந்த 16,000 யூனிட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? உற்பத்தி ஏறி இறங்கிய நாட்களின் புள்ளிகளை வரைபடத்தில் வைத்துக் கோடு இழுத்தால், உற்பத்தி சுழியாகும் இடத்தில் அது தெரியும். இதைவிட நேரான வழியும் உண்டு. நூற்பாலைகள் ஆண்டு முழுதும் மூன்று ஷிஃப்டும் ஓடுபவை. பொங்கல், தீபாவளி போன்ற சில நாட்களில்தான் நிற்கும். என் பார்வையில் ஆண்டிலேயே மிக மதிப்புள்ள அளவீட்டு நாட்கள் அவைதான். ரிங் பிரேம் ஒன்றுகூடச் சுற்றாத அந்த நாளில் எந்தெந்த ஃபீடரில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று மணிக்கு மணி பதிவு செய்யுங்கள். அங்கே தெரியும் ஒவ்வொரு கிலோவாட்டும் மற்ற நாட்களிலும் உற்பத்திக்கு அடியில் மறைந்து ஓடிக்கொண்டிருப்பது.

கம்ப்ரசரை எடுத்துக்கொள்வோம். ஆலை நின்றிருக்கும்போது, காற்றை எடுக்கும் இயந்திரம் எதுவும் ஓடாத நேரத்தில், லைனைத் திறந்தே வைத்துக் கம்ப்ரசரை ஓட்டிப் பாருங்கள். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் லோடு ஆகிறது என்றால் அதன் திறனில் கால்வாசி கசிவுக்கே போகிறது. இதற்குத் தனிக் கருவி வேண்டாம், கடிகாரம் போதும். கட்டுப்பாட்டுப் பேனலிலேயே அந்த நேரம் பதிவாகியும் இருக்கும். ஏழு பார் அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று குறைந்தது 3 கிலோவாட்டையாவது விழுங்கும். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு அது 26,280 யூனிட். ஆட்டோகோனர் பக்கத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நடக்கும் ஃபிட்டரின் காதுக்கு அந்தக் கசிவு கேட்கிறது. அதை அடைக்க ஒரு பிட்டிங் வாங்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா?

மின்விசிறிகளுக்கு வருவோம். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் விசிறிக்கு வேண்டிய திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதை நம் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே படிக்கிறார்கள். ஹியூமிடிபிகேஷன் பிளாண்டிலும் மருத்துவமனை, ஓட்டல், அலுவலக வளாகங்களின் ஏ.சி. பிளாண்டிலும் இதற்காகவே டிரைவ் பொருத்துகிறார்கள். ஆனால் பேனலில் உள்ள ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? பல இடங்களில் அது மேனுவலில்தான் இருக்கும். ஆப்பரேட்டரைக் குறை சொல்வது எளிது. சென்சார் அளவு தவறியதால் ஏதோ ஒரு நாள் ஈரப்பதம் குறைந்து நூல் அறுந்திருக்கும். கேள்வி அவரிடம்தான் வந்திருக்கும். மின்சாரம் கூடுதலாக எரிந்ததற்காக அவரை யாரும் கேட்டதில்லை. அவர் மேனுவலில் வைப்பது நியாயமான தற்காப்பு. சென்சாரை ஆண்டுதோறும் சரிபார்க்காத நிர்வாகம்தான் அந்தச் சுவிட்சைத் திருப்பியது. கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய ஆய்வுகளில் அல்காரிதத்துக்குக் கிடைக்கும் கவனம் இந்தச் சுவிட்சுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கூரைமேல் சூரியத் தகடுகளும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாலைகளும் இவ்வட்டாரத் தொழிலுக்குப் பெருந்துணை. அவற்றை முழுமனதோடு வரவேற்கிறேன். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்வாரியத்திடம் வாங்கும் யூனிட் குறைவது வேறு, ஆலை எரிக்கும் யூனிட் குறைவது வேறு. பில் தொகை இறங்கிய மகிழ்ச்சியில், கசிவுகளைத் தேடும் வேலை நின்றுபோகக் கூடாது.

மேக்சிமம் டிமாண்ட், பவர் ஃபேக்டர், உச்ச நேரக் கட்டணம் ஆகியவை நாளை விரிவாகப் பேசப்பட இருப்பதால் அவற்றுக்குள் நான் நுழையவில்லை.

இந்த இரண்டு நாட்களில் ஒரு வேலையையாவது முடிக்க விரும்புகிறேன். விடுமுறை நாள் அளவீட்டுக்கு எல்லா ஆலைகளும் ஒரே முறையில் நிரப்பக்கூடிய படிவம் ஒன்றை நாம் உருவாக்க வேண்டும்: எந்த ஃபீடர், எத்தனை கிலோவாட், நிறுத்த முடியுமா, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற நான்கு கட்டங்கள் போதும். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் ஆலையில் மேலும் ஒரு திரை வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். வரைவு உங்கள் கோப்புகளில் இருக்கிறது. ஆலைப் பொறியாளர்கள் திருத்தங்களை இன்று மாலைக்குள் தர வேண்டுகிறேன். வரும் தீபாவளிக்கே இதை நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.

கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, கம்ப்ரசர் பற்றிய முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.